பள்ளிக்கூடத்துக்கு வந்த சீர்

பெரம்பலூரில் எந்தத் தெருவில் எப்படிப்பட்டவர்கள் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வீடுகளைப் பார்க்க வேண்டியதில்லை. காலை ஏழே முக்காலுக்கு நான்கு ரோட்டில் நின்று மஞ்சள் வேன்களைப் பார்த்தால் போதும். ஏசி வேன் வெங்கடேசபுரம் பக்கம் திரும்பும். பெரிய பஸ் துறைமங்கலத்துக்குப் போகும். அரணாரைக்கும் எளம்பலூர் சாலைக்கும் போகிற வேன்களில் பிள்ளைகள் மடிமேல் மடியாக உட்கார்ந்திருக்கும். எல்லா வேனும் போய் ஹாரன் சத்தம் அடங்கிய பிறகு நடந்து வருகிற பிள்ளைகள்தான் என் பிள்ளைகள். கடைசி வருஷத்தில் அப்படி நடந்து வந்தவர்கள் இரண்டே பேர்.

அந்த இரண்டு பேர் படித்த பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியை. சொல்லும்போது பெரிய பதவி மாதிரிதான் இருக்கும். பாடம் எடுப்பதும் நான்தான், மணி அடிப்பதும் நான்தான், சாயங்காலம் பூட்டுப் போட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பதும் நான்தான். இன்னொரு ஆசிரியை இருந்தார். பிள்ளைகள் குறையக் குறைய அவரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளியின் பெயரையும் தெருவின் பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. டவுனில் எல்லோரும் அதைக் காலனிப் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

ஒரு முறை அலுவலகத்திலிருந்து எல்லாப் பள்ளிகளிடமும் பள்ளி வரலாறு கேட்டார்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதச் சொன்னார்கள். எனக்கு எழுதப் பிடிக்கும். தெருவில் வயதானவர்களைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். சொந்தமாக ஒரு கை மண் கிடையாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் பிள்ளைகளைச் சேர்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. சேர்த்தார்கள், சன்னலுக்கு வெளியே. வெயில் நகர நகரப் பிள்ளைகளும் நகர்ந்து உட்கார வேண்டும். தப்பாகச் சொன்னால் வாத்தியார் குச்சியை வீசி எறிவாராம். கையில் பிடித்து அடித்தால் பக்கத்தில் வர வேண்டியிருக்குமே.

அமாவாசையன்று யாரும் ஏர் பூட்ட மாட்டார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் இவர்களுக்குச் சொந்தமான நாள். ஏரிக்கரைப் புறம்போக்கில் இடம் பார்த்து, அமாவாசைக்கு அமாவாசை மண் குழைத்து, ஒரு வரிசை, இரண்டு வரிசையாகச் சுவர் எழுப்பினார்கள். நடுவில் மழை வந்து கரைத்துவிட்டால் அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் முதல் வரிசை. எத்தனை அமாவாசையில் முடிந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மண் சுவர் போய் ஓட்டுக் கட்டடம் வந்தது. ஓடு போய்த் தளம் வந்தது. நான் இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வேணாம்மா, நன்கொடையாளர் பேரு இருந்தா மட்டும் போடுங்க" என்றார். நன்கொடையாளர் என்று யாரும் இல்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் அங்கே சேர்ந்தபோது பிள்ளைகளுக்கு உட்கார இடம் போதாது. மூன்றாம் வகுப்பை வேப்ப மரத்தடியில் வைத்தோம். பெரம்பலூர் மாவட்டத் தலைநகர் ஆன பிறகு டவுன் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் நீண்டது. மக்காச்சோளம் விளைந்த காடெல்லாம் மனையானது. மனை விற்காத இடத்தில் பள்ளிக்கூடம் வந்தது. முதலில் வேன் பெரிய ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. அடுத்த வருஷம் தெருமுனைக்கு வந்தது. அப்புறம் மாரியம்மன் கோயில் வரைக்கும் வந்து, ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்டது. வருஷத்துக்கு ஐம்பது அடியாக வேன் உள்ளே வந்தது, வருஷத்துக்குப் பத்துப் பிள்ளையாக நான் இழந்தேன்.

எனக்குக் கோபம் வரும். புத்தகம் சும்மா, சீருடை சும்மா, செருப்பு சும்மா, காலையில் சுடச்சுடப் பொங்கல், மதியம் முட்டை. இத்தனையும் வைத்துக்கொண்டு கூப்பிட்டாலும், வட்டிக்கு வாங்கியாவது டை கட்டி அனுப்புவேன் என்கிறார்களே என்று ஆத்திரமாக இருக்கும். சித்திரை வெயிலில் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவேன். "புள்ள புடிக்கிறவங்க வர்றாங்க, உள்ள ஓடுங்கடா" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். மோர் கொடுப்பார்கள். பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள்.

நடந்து வந்த இரண்டு பேரும் அக்கா தங்கை. பெரியவள் நாலாம் வகுப்பு, சின்னவள் இரண்டாம் வகுப்பு. தெருவுக்குக் கடைசியில், ஓலைக் கொட்டகையில் வாடகைக்கு இருந்தார்கள். பிழைக்க வந்தவர்கள் என்று தெருக்காரர்கள் அவர்களோடு ஒட்டுவதில்லை. அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப் போனவர். மாதத்துக்கு ஒரு முறை வந்தால் உண்டு. அம்மா விடிந்ததும் சின்ன வெங்காய ஷெட்டுக்குப் போய்விடுவாள், தாள் அறுத்துத் தரம் பிரிக்கிற வேலை. அடுப்புப் பற்ற வைக்க அவளுக்கு நேரம் இருக்காது. பிள்ளைகள் இரண்டும் எட்டு மணிக்குப் பள்ளிக்கு வந்துதான் முதல் வாய் சாப்பிடுவார்கள்.

அந்த மாசி மாதம் கல்வி அலுவலர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன்தான். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஜூன்ல ஒண்ணாம் வகுப்புக்கு ஒரே ஒரு அட்மிஷன் காட்டுங்கம்மா. அத வச்சு நான் ஒரு வருஷம் தள்ளிடுறேன். இல்லேன்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்கூலோட சேத்துடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

ரோடு என்று அவர் சொன்னது நாலு வழிச் சாலை. சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற பஸ்ஸும் லாரியும் மூச்சு விடாமல் ஓடுகிற இடம். சுரங்கப்பாதைக்குப் போக வேண்டுமானால் ரொம்பத் தூரம் சுற்ற வேண்டும். அதனால் எல்லோரும் நடுவில் இருக்கிற தடுப்பைத் தாண்டிக் குதித்துத்தான் போவார்கள். அன்று சாயங்காலமே பிள்ளைகளின் அம்மாவைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். கையெல்லாம் வெங்காய வாசனையோடு அவள் கேட்டுக்கொண்டாள். "ரோட்டத் தாண்டி நான் அனுப்ப மாட்டேன் டீச்சர். எங்க மாமியா அடிபட்டுச் செத்தது அங்கதான். இந்தப் பள்ளிக்கூடம் இல்லேன்னா என்கூட ஷெட்டுக்கு வந்துட்டுப் போவுதுங்க" என்றாள். நான் இருக்கும்போது அப்படி எதுவும் நடக்காது என்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

தேவை ஒரே ஒரு பிள்ளை. தெருவில் அந்த வருஷம் ஐந்து வயது முடிகிற பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி என் பழைய மாணவனின் மகள். அவன் மூன்றாம் வகுப்பு வரைக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் முழித்தவன். அப்புறம் எழுத்தை எழுதாமல் வரைய ஆரம்பித்தான். ஒரு 'ழ' போட்டால் அதற்கு நிழல் வைத்து, பூ வைத்து, பார்க்க அழகாக இருக்கும். நான் சிலேட்டை வாங்கி எல்லா வகுப்புக்கும் காட்டுவேன். இப்போது பாலக்கரையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். டவுனில் காதுகுத்து ஆனாலும் கருமாதி ஆனாலும் அவன் கையால்தான் முகம் பெரிதாகும்.

கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பு இல்லை. இன்றைக்கும் அதை நான் நம்புகிறேன். "நம்ம பள்ளிக்கூடத்த மூட வுட்டுருவமா டீச்சர்? தெருவுல எல்லாத்தையும் கூட்டிச் சீர் கொண்டாந்துடுறோம். டவுனே திரும்பிப் பாக்கும் பாருங்க" என்றான்.

தாய்மாமன் வீட்டிலிருந்து வருவதுபோல ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு மேளதாளத்தோடு சீர் எடுத்து வருவது கொஞ்ச வருஷமாக எங்கள் பக்கம் பழக்கமாகியிருக்கிறது. கல்விச் சீர் என்பார்கள். பத்திரிகையில் படம் வரும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. சீர் செய்கிறவர்கள் பெண்ணைக் கொடுக்காமலா இருப்பார்கள்? சீர் வந்தால் பின்னாலேயே பிள்ளையும் வரும் என்று நினைத்தேன். எங்கள் சனம் ஒரு சீர் செய்துவிட்டால் அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டுவிடும், உறவை விடாது. அந்தக் கணக்கில்தான் நான் இருந்தேன்.

வைகாசி வளர்பிறையில் ஒரு நாள் பார்த்தார்கள். கோயிலிலிருந்து பறையும் மேளமுமாக ஊர்வலம் கிளம்பியது. முன்னால் ஃப்ளெக்ஸ். அதில் தெருவில் உள்ள அத்தனை பேர் முகமும், நடுவில் என் முகமும் இருந்தது. எங்கே பிடித்தானோ, பழைய அடையாள அட்டைப் படம், நான் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தேன். தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று இருபத்தொன்று எடுத்திருந்தார்கள். வாழைப்பழம், சர்க்கரை, மஞ்சள் குங்குமம், நோட்டு, பென்சில், சுவர்க் கடிகாரம், உலக உருண்டை. அதற்குப் பின்னால் ஒரு பீரோவைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கடைசியாக ஆளுக்கொரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். நீல நிற நாற்காலிகள், மொத்தம் முப்பது.

எல்லாம் கல்யாண மண்டபத்தில் போடுகிற பெரிய நாற்காலி. பிள்ளைகள் உட்காருகிற சின்ன நாற்காலி வாங்கலாமே என்று நான் முன்னாடியே சொல்லியிருந்தேன். "சின்னதா வாங்குனா சீரு எடுபடாது டீச்சர், பாக்கறவன் சிரிப்பான்" என்றுவிட்டார்கள். என் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொன்றில் ஏறி உட்கார்ந்தார்கள். கால் தரைக்கு எட்டவில்லை. தொங்குகிற காலை ஆட்டிக்கொண்டு இரண்டு பேரும் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அலுவலரும் வந்தார். லட்டு சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரன் மகளைத் தோளில் தூக்கி வந்திருந்தான். பட்டுப் பாவாடை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள். அவளை இறக்கி மடியில் வைத்து, அரிசித் தட்டில் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தேன். பெண்கள் குலவை போட்டார்கள். நல்ல நேரம் தாண்டப் போகிறது என்று யாரோ சொன்னதும், சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் அவள் பெயரை முதல் வகுப்புக்கு எழுதினேன். விண்ணப்பம் வாங்கவில்லை, ஆதார் வாங்கவில்லை, ஒன்றும் இல்லை. பக்கத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்றான். அவன் மனைவி தட்டில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அலுவலர் என்னைப் பார்த்து, "பரவாயில்லம்மா, காப்பாத்திட்டீங்க" என்றார். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக்கூட இல்லை. சந்தோஷத்தில் பசி தெரியவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. முதல் நாள் அவள் வரவில்லை. திங்கள்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, அன்று வருவாள் என்று நினைத்தேன். திங்கள்கிழமையும் வரவில்லை. சரி, சேர்க்கையை இணையத்தில் ஏற்றிவிடுவோம், பிறகு போய்க் கூட்டி வரலாம் என்று போனில் அவள் விவரத்தைப் போட்டேன். வேறொரு பள்ளியில் இந்த மாணவி ஏற்கனவே சேர்ந்திருக்கிறார் என்று வந்தது. திரும்பவும் போட்டேன். திரும்பவும் அதே. சேர்ந்த தேதி வைகாசிக்கு வெகு முன்னால் இருந்தது. அவன் என் முன்னால் கண் கலங்கின நாளில், அரிசித் தட்டில் மகள் எழுதின நாளில், அவள் ஏற்கனவே வேன் பள்ளியின் பிள்ளை.

அவன் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் இருந்தார்கள். "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று அவன் மனைவி பாயை விரித்தாள். நான் உட்காரவில்லை.

"ஏம்ப்பா, எப்ப சேத்த?" என்று கேட்டேன்.

"மாசி மாசமே சேத்துட்டோம் டீச்சர்."

"அப்புறம் அன்னிக்கு நான் பேர எழுதறப்ப ஏன் வாய மூடிக்கிட்டு நின்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தட்டு வச்சிருக்கறப்ப, நல்ல நேரத்துல, இல்லன்னு எப்படிங்க டீச்சர் சொல்றது? வாய் வரல" என்றான்.

வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால்கூட அரிசி நிறைஞ்சிருக்கு என்று சொல்கிற சனம் நாங்கள். இல்லை என்ற வார்த்தை நல்ல காரியத்தில் வாயில் வரக்கூடாது. என் கல்யாணத்தின்போது, பேசின நகையை மாப்பிள்ளை வீட்டார் மேடையில் கேட்டபோது, என் அப்பா இருக்கு இருக்கு என்றுதான் தலையாட்டினார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு மனுஷன் சும்மா நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஊரை ஒரு கண்ணால்தான் பார்த்திருக்கிறேன், எனக்கு வேண்டியது தெரிகிற கண்ணால்.

ஆனால் கோபம் அடங்கவில்லை. "சீர் செய்யத் தெரியுது, புள்ளைய அனுப்பத் தெரியலையா? நீ படிச்ச பள்ளிக்கூடம் உன் பொண்ணுக்கு ஆவாதா?" என்று சத்தம் போட்டேன்.

அவன் மனைவிதான் பேசினாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை. "உங்கமேல எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க டீச்சர். நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுப்பீங்க. ஆனா நாளைக்கு இவ எங்க போனாலும் மொதல்ல எந்த ஸ்கூலுன்னுதான் கேப்பாங்க. பேரச் சொன்னா எந்தத் தெருன்னு தெரிஞ்சிரும். தெருவு தெரிஞ்சா..." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

நான் அரியலூர்ப் பக்கம், விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. இதே மாதிரி ஒரு தெருவில், இதே மாதிரி ஒரு பள்ளியில் படித்தவள். ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி முதல் நாளே எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். அன்று சாயங்காலம் அவள் தன் தண்ணீர்க் குடத்தை நகர்த்தி வைத்தாள். ஒன்றும் பேசவில்லை, ஒரு முழம் தள்ளி வைத்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் அரியலூர் என்று மட்டும்தான் சொல்வேன். அந்தப் பெண் பேசப் பேச எனக்கு அந்தக் குடம் நகர்கிற சத்தம் கேட்டது.

"உங்க பையன் எந்த ஸ்கூல்ல டீச்சர் படிச்சாரு?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. நான் பொய் சொல்லியிருக்கலாம். என் மகனுக்கு டை கட்டி, வேனில் ஏற்றிவிட்டு, அது கண் மறைந்த பிறகுதான் பன்னிரண்டு வருஷமும் நான் இந்தத் தெருவுக்கு நடந்து வந்தேன். உள்ளதைச் சொன்னேன்.

"அதான் டீச்சர்" என்றாள். காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

பதிவேட்டில் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அலுவலர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் மேல சொல்லிட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னார். ஆடிக்குள் உத்தரவு வந்துவிட்டது. பள்ளியை இணைக்க வேண்டும், மாணவர்களையும் தளவாடங்களையும் நாலு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியில் ஒப்படைக்க வேண்டும், என்னையும் அங்கேயே சேரச் சொல்லியிருந்தது. தளவாடம் என்றால் நாற்காலியும் பீரோவும். மாணவர்கள் என்றால் அந்த இரண்டு பேர்.

உத்தரவு வந்தது எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி நாள் மதியம் எல்லோரும் வந்தார்கள். என்னோடு வாதாட வரவில்லை, அழவும் வரவில்லை. "எங்க தெருச் சீரு அந்தத் தெருவுக்குப் போவக் கூடாது டீச்சர்" என்றார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பாட்டனுக்குப் பாட்டன் காட்டில்தான் இவர்கள் பாட்டனுக்குப் பாட்டன் கூலி வேலை செய்தார். கூட்டத்தில் ஒரு பெண், "வாழப் போன எடத்துல பொண்ணு வாழலேன்னா சீரத் திருப்பி எடுத்துக்கிறதுதான வழக்கம்" என்றாள்.

"எந்தப் பொண்ணும்மா வாழ வந்தா?" என்று கேட்டேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தடுத்திருக்க வேண்டும். அரசாங்கச் சொத்து, இருப்புப் பதிவேட்டில் ஏறியாகிவிட்டது. நான் நகர்ந்து நின்றேன். அதற்குப் பிறகு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு தாள் வந்தது, அது வேறு கதை. பீரோ முதலில் போனது. கடிகாரத்தை ஒருவர் ஆணியோடு கழற்றிக்கொண்டார். நாற்காலிகளை வீட்டுக்கு ஒன்று, இரண்டு என்று எடுத்துப் போனார்கள். பெரிய நாற்காலி வாங்கினது அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

பிள்ளைகள் இரண்டு பேரும் உள்ளே எழுதிக்கொண்டிருந்தவர்கள் வெளியே ஓடி வந்தார்கள். இத்தனை பேரை ஒன்றாகப் பார்த்ததும் சின்னவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இன்னைக்கும் சீரா டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன். வாய் அப்படித்தான் வந்தது.

உடனே ஓடிப் போய் அவள் உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டாள். பெரியவள் தான் தினமும் உட்காருகிற நாற்காலியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, "இது யாரு வூட்டுக்குப் போவணும் டீச்சர்?" என்று கேட்டாள். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் வீடு என்றேன். தலையில் நாற்காலியோடு அவள் மற்ற பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நடந்து போனாள். கொடுத்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து, வெறும் தரையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். தங்கையும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாடம் எடுங்க டீச்சர்" என்றார்கள்.

எடுத்தேன். வகுத்தல் கணக்கு. அறை காலியாக இருந்ததால் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. மணி அடித்ததும் இரண்டு பேரும் பையை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரோம் டீச்சர், நாளைக்கு வந்து மீதிக் கணக்குப் போடுறோம்" என்றார்கள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, வராதீங்க என்று நாலு வார்த்தை. அந்த இரண்டு முகத்தையும் பார்த்துக்கொண்டு எனக்கு அது வரவில்லை. "சரி, பாத்துப் போங்க" என்றேன்.

சாயங்காலம் அவர்கள் அம்மாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. நேரில் போயிருக்கலாம். அந்தத் தெருவுக்குள் அன்று மறுபடியும் நடக்க எனக்குத் தெம்பில்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது. அவளுக்கு எப்படியும் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெருவில் அவளோடு பேசிப் புழங்குகிறவர்கள் யாரும் இல்லை என்பதை மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், புதுப் பள்ளியில் கையெழுத்துப் போட்டேன். நல்ல பள்ளி, எல்லா வகுப்பிலும் பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு பெயரையும் அங்கே பதிவேட்டில் ஏற்றினேன். இன்றைக்கும் அந்தப் பெயர்கள் அங்கே இருக்கின்றன, பெயர்கள் மட்டும்தான். மதியம் ஒரு மணிக்கு, பழைய பள்ளியில் காலைச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருந்த பெண் போன் செய்தாள். அவளையும் அன்றிலிருந்து வேறு பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். வேலை முடிந்து அந்த வழியாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், புள்ளைங்க ரெண்டும் பூட்டின கேட்டு முன்னாடி உக்காந்திருக்குங்க. காலையில எட்டு மணிக்கே வந்துருச்சுங்களாம். வூட்டுக்குப் போங்கடின்னாலும் போவ மாட்டேங்குதுங்க. டீச்சர் வருவாங்க, பாடம் இருக்குங்குதுங்க."

"சாப்புட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க டீச்சர்" என்றாள்.